சொல்லில் மட்டும் காரம்

இருபத்திரண்டு வருடம் பிறர் எண்ணெயை அளந்தேன்.
பாசிர் கூடாங் ஆலையின் மூன்றாம் மாடி,
வெள்ளைக் கோட்டு,
பியூரெட்டின் முனையில் தயங்கும் ஒரு துளி.
இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தி
எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டால்
கப்பல் கிளம்பும்.
எங்கோ குளிரில் யாரோ குளிப்பார்கள்.

இப்போது லாபிசில்,
சைக்கிள் கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
மாதம் அறுநூறு வெள்ளிக்கு ஓர் அறை.
ஒரு தராசு, இரண்டு எவர்சில்வர் அண்டா,
பிரிவு விருந்தில் சியூ லிங் கொடுத்த வெப்பமானி.
பின்சன்னலைத் திறந்தால்
பட்டணம் முடிவதற்குள் தொடங்கிவிடும் செம்பனை.

தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும்.
மாற்றிச் செய்தால் முகத்துக்கு வரும்.
தினமும் இதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.
தெரியாமல் அல்ல.
தெரிந்தவர்களுக்குத்தான் விபத்து நடக்கிறது.

தேங்காய் எண்ணெய்க்குச் சைபர் புள்ளி ஒன்று எட்டு மூன்று.
செம்பனைக்குச் சைபர் புள்ளி ஒன்று நான்கு ஒன்று.
அதிலும் நூற்றுக்கு ஐந்து குறைத்துப் போடுகிறேன்,
தோலுக்கு என்னால் முடிந்த தள்ளுபடி.

முதல் பதினாறு முறையில் ஒன்பது முறை கெட்டது.
ஆய்வகத்தில் அதற்குப் பெயர் தரவு.
இங்கே வாடகை.
நவம்பர் மழையில் கட்டிகள் வியர்த்துக் கொட்டின;
காற்றின் ஈரத்தையெல்லாம் கிளிசரின் குடித்துவிடும்.
பக்கத்துக் கடைக்கு வந்தவர் எட்டிப் பார்த்து
"இதுங்களுக்கும் நம்பர் அடிக்கலையா?" என்றார்.

பங்சாரிலிருந்து ஒரு கடைக்காரி வந்தாள்.
நல்ல பெண். ஐந்நூறு கட்டி கேட்டாள்.
இரண்டே நிபந்தனை:
செம்பனை கூடாது,
உறையில் 'ரசாயனம் இல்லாதது' என்று அச்சடிக்க வேண்டும்.

சன்னலைக் காட்டினேன்.
அது பூபாலனின் மூன்று ஏக்கர்.
காட்டை வெட்டி நட்டதல்ல,
பால் வற்றிய ரப்பர் நின்ற இடம்.
களைக்கு மருந்தடிப்பதை விட்டு நாலு வருடம்,
மாடுகள் மேய்கின்றன.
அவன் கொட்டகையிலேயே பிழிந்து தரும் சிவப்பெண்ணெயை விட்டு
ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வரும் ஒலிவ எண்ணெயை வாங்கினால்
பூமிக்கு எவ்வளவு மிச்சம்?
கணக்குப் போட்டுக் காட்டினேன்.
நடுவில் அவள் கைப்பேசியைப் பார்த்தாள்.

இரண்டாவதற்குக் கணக்கே தேவையில்லை.
தண்ணீரும் ரசாயனம்தான் என்றேன்.
சவர்க்காரம், பெயரிலேயே காரம் உட்கார்ந்திருக்கிறது;
அதைப் பிடுங்கினால்
'சவர்க்' என்று ஒரு தும்மல்தான் மிஞ்சும்.
காரம் சொல்லில் இருக்கிறது, கட்டியில் இல்லை.
ஆறு வாரம் காயவிட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்,
சுள்ளென்றால் விற்பதில்லை.

அவள் சிரித்தாள். கைகுலுக்கினாள். போய்விட்டாள்.
நோட்டில் எழுதியிருந்த ஐந்நூறை அடித்தேன்.
அடித்த கோட்டுக்குள்ளிருந்தும் அது தெரிந்தது.

சாயங்காலம் ஷோஹாக் வந்தான்.
குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன்.
விரலிடுக்கெல்லாம் பழப்பிசுக்கு, முள் கீறல்.
"கடைச் சோப்பு வாசனைதான் வருது, இது போக மாட்டேங்குது"
என்று மலாயில் சொன்னான்.
வாளியில் தண்ணீர் வைத்து
செம்மஞ்சள் கட்டி ஒன்றை நீட்டினேன்.
செம்பனையின் பிசுக்கைச் செம்பனையே
கையோடு கூட்டிக்கொண்டு இறங்கியது.
புறங்கையைத் திருப்பித் திருப்பி
வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தான்.
நாலு கட்டி வேண்டும், காசு சம்பளத்துக்குப் பிறகு.

அடித்த ஐந்நூறுக்குக் கீழே எழுதினேன்:
ஷோஹாக், நான்கு, கடன்.
தசமம் இல்லை.

மறுநாள் மூன்று பேரைக் கூட்டிவந்தான்.
அவர்களுக்கும் சம்பளம் வரவில்லை.